இரண்டாம் வினாத்தாள்

786

மருதமுனை
12.7.1955

தம்பி கனகரெத்தினத்துக்கு,

உன் முகவரியை உன் அம்மாவிடம் போய்க் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து பெரியநீலாவணைக்கு நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் என் தம்பி பளீல் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு ஏழு மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் வீட்டாரும் இந்தப் பக்கம் வரவில்லை. செல்லத்தங்கம் மாமி என்னைக் கண்டதும் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தார். "அவன் பொத்துவில் பக்கம் ஒரு குளத்துல வேலைக்கு நிக்கான் புள்ள. சித்திரை வருசத்துக்கும் வரல்ல" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

எழுதுகிற காரணம் இதுதான். பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்று கடைசி நாள். போன மார்கழியில் முதல் நாள் இரண்டு தாளோடு நீ விட்டுவிட்டு வந்தாய். இந்த வருடம் திரும்ப எழுத வேண்டும்.

என் தம்பியின் மையித்தைக் கொண்டுவந்த அன்று உம்மா உன் சட்டையைப் பிடித்து, "என்ட புள்ள கடைசியா என்னடா சொன்னான்?" என்று கேட்டார். "நீ போய் எழுது என்டான் உம்மா" என்று நீ சொன்னாய். உம்மா இப்போது உன் பேரை எடுப்பதில்லை. உன்னோடுதானே அனுப்பினோம், நீ மட்டும் திரும்பி வந்தாய் என்பது அவருக்குள் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பளீல் கிணற்றடியில் நடந்து நடந்து சத்தமாக வாசிப்பானே, அந்த நேரம் வந்தால் உம்மா தறியை நிறுத்திவிடுகிறார். முன்பு அவன் சத்தம் கேட்க வேண்டும் என்று நிறுத்துவார். இப்போதும் நிறுத்துகிறார். ஏன் என்று கேட்டால் கால் உளைகிறது என்கிறார்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

சித்தி லைலா


உ

பொத்துவில்
24.7.1955

அன்புள்ள ராத்தா,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மன்னிக்க வேண்டும்.

எனக்கு இங்கே நீர்ப்பாசன இலாகாவில் வேலை. காலையிலும் மாலையிலும் குளக்கட்டில் நடந்து போய், மதகடியில் நட்டிருக்கிற அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. கதைக்க ஆளும் இல்லை. ஓவசியர் மேற்பார்வைக்கு மாதத்தில் இரண்டு தரம் வருவார். எனக்கு இது போதும்.

பரீட்சை எனக்கு வேண்டாம் ராத்தா. படித்ததெல்லாம் மறந்துவிட்டது. வயலைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் பல காரணங்கள் உண்டு.

நீங்கள் கிணற்றடியைப் பற்றி எழுதியிராவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன். மாலையில் குளக்கட்டில் நடக்கும்போது எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள். அது வாசிக்கிற சத்தம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், என்னை விட்டுவிடுங்கள். புத்தகம் ஏதும் அனுப்ப வேண்டாம்.

மச்சானுக்கு என் வணக்கம்.

கனகரெத்தினம்


786

மருதமுனை
8.8.1955

தம்பி,

வயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று உன் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. மகன் மடித்த வேட்டி மடித்தபடி கிடக்கிறது என்றுதான் அழுகிறார். என்னிடம் பொய் எழுதாதே.

என் வீட்டுக்காரர் தறியில் நெய்த சாரம் விற்கப் பொத்துவிலுக்கு வருகிறார். அவர் கையில் பளீலின் புத்தகப் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். மேலே விண்ணப்பப் படிவம் இருக்கிறது. உன் பெயர், பிறந்த திகதி, பாடங்கள் எல்லாம் நானே நிரப்பியிருக்கிறேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நான் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. வாப்பா மௌத்தானபோது நான் எஸ்.எஸ்.சி. முடித்திருந்தேன். மேலே படிக்கச் சொல்லித் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். வீட்டில் ஒருவர்தான் படிக்கலாம் என்றிருந்தது. நான் படிப்பிக்கப் போனேன், தம்பி படித்தான். அந்தப் படிப்பு மட்டக்களப்பில் அந்த அறையிலேயே முடிந்துபோனது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே விளக்கில் படித்தவர்கள். அவனுக்குத் தெரிந்த பாதி உனக்குள் இருக்கிறது.

குளக்கட்டில் உனக்குப் பின்னால் வருவது என்ன சத்தம் என்று நீ எழுதவில்லை. அவன் உன்னிடம் வந்து என்ன கேட்கிறான்? எனக்குத் தெரிய வேண்டும். நான் அவன் ராத்தா.

சித்தி லைலா


உ

பொத்துவில்
19.8.1955

ராத்தா,

மச்சான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போகும்போது, "லைலா ஒன்னோட கோவமில்ல தம்பி" என்றார். அதைக் கேட்டபிறகு இதை எழுதாமல் இருக்க முடியாது. இதைப் படித்த பிறகு நீங்களே சொல்லுங்கள், கோபம் உண்டா இல்லையா என்று.

மட்டக்களப்பில் புண்ணியமூர்த்தி ஐயாவின் வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அவர் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போய்விடுவார், பகலில் வீட்டில் யாரும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றே பளீலுக்குக் காய்ச்சல். மறுநாள் பூராவும் போர்த்திக்கொண்டு கிடந்தான். "மருந்து எடுப்பமா?" என்று கேட்டேன். "சோதினை முடியட்டும்" என்றான்.

பரீட்சை அன்று காலையில் எழும்பிக் குளிக்காமல் என்னோடு வந்தான். நல்ல மழை. எனக்கு முன் வரிசையில் அவன் மேசை. ஒரு மணித்தியாலம் எழுதியிருப்பான். பிறகு தலையை மேசையில் வைத்துவிட்டான். மேற்பார்வையாளர் வந்து தொட்டுப் பார்த்து, அறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஓடிப் போனேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்தான். மூச்சு நாய் இரைக்கிற மாதிரிக் குறுகிக் குறுகி வந்தது. அந்தச் சத்தம்தான் ராத்தா. குளக்கட்டில் என் பின்னால் வருவது அதுதான். தண்ணீர் கொடுத்தேன், வாயின் ஓரத்தால் வடிந்துவிட்டது. ஒன்றரைக்கு இரண்டாம் தாள், வரலாறு. எனக்கு நன்றாக வரும் பாடம்.

உம்மாவிடம் நான் சொன்னது பொய். "நீ போய் எழுது" என்று அவன் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கனகு, கொஞ்சம் இரிடா. தனியப் போட்டுட்டுப் போகாத" என்றான். "நாலரைக்கு வந்திருவன், வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று நான் சொன்னேன். அவன் பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

மண்டபத்தில் அவனை மறக்காமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. வினாத்தாளைக் கண்டதும் மறந்துவிட்டேன். ஐந்து கேள்விக்கும் முழுதாக எழுதினேன். எழும்பி நின்று மேலதிகக் கடதாசி கேட்டு வாங்கி எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எழுதியதில்லை.

நாலரைக்குத் திரும்பி வந்தேன். கதவை என்னால் தள்ள முடியவில்லை. கதவுக்கு உள்ளே விழுந்து கிடந்தான். வெளியே வரப் பார்த்திருக்கிறான். வேலை முடிந்து வந்த புண்ணியமூர்த்தி ஐயா கார் பிடித்துக்கொண்டு வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று டொக்டர் சொன்னார். "மத்தியானம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம்" என்றார். மாலை மஃரிப் பாங்கு கேட்கும்போது முடிந்துவிட்டது.

உங்கள் உம்மா என் சட்டையைப் பிடித்தபோது, அந்தப் பொய் என் வாயில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

பெட்டியைத் திறக்கவில்லை. மச்சான் அடுத்த முறை வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

கனகரெத்தினம்


உ

பொத்துவில்
29.8.1955

ராத்தா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

படிவத்தைக் கிழிக்க எடுத்தேன். என் பெயரை நீங்கள் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தமாக இருந்தது. என்னால் கிழிக்க முடியவில்லை. கையெழுத்து வைத்து இன்று தபாலில் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கேட்டு எழுதி உங்கள் சம்மதம் வாங்க நேரமில்லை.

விண்ணப்பித்தேன் என்பதால் எழுதுவேன் என்று அர்த்தமில்லை.

கனகரெத்தினம்


உ

பொத்துவில்
2.10.1955

ராத்தா,

மச்சான் இரண்டு தரம் இந்தப் பக்கம் வந்து போனதாகச் சந்தையில் சொன்னார்கள். என்னிடம் வரவில்லை. பெட்டியை எடுத்துப் போகவும் இல்லை. அதனால் திறந்தேன்.

அவனுடைய வரலாற்றுக் கொப்பியில் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். "இதைக் கனகுவிடம் கேட்க வேண்டும்." பதினொரு இடத்தில் இருக்கிறது. அதில் நாலைந்தை அவன் என்னிடம் கேட்டது ஞாபகம். மற்றவற்றை அவன் கேட்கவே இல்லை. கேட்க நேரம் கிடைக்கவில்லைபோல.

முதல் நாள் கொப்பியை மூடிவிட்டேன். அடுத்த நாள் ஒரு கேள்விக்குப் பதில் தேடினேன். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. பெட்டியில் கிடந்த மூன்று புத்தகங்களில் தேடி எடுத்து, அவன் கேள்விக்குக் கீழே பதிலை எழுதினேன். ஒரு கிழமையில் பதினொன்றையும் முடித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. இப்போது காலையில் அளவு எடுத்துவிட்டு வந்து உச்சி வரைக்கும் படிக்கிறேன். பின்னேரம் புவியியல். நேற்று அரசியல் பாடத்தில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து மூன்று மணித்தியாலம் வைத்து எழுதிப் பார்த்தேன். நாலாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. பின்னால் அந்த மூச்சு. எழும்பி வெளியே போய்விட்டேன்.

இப்படி ஒருவன் பரீட்சை எழுதலாமா? எழுதுவது அவனுக்குச் செய்கிற இரண்டாவது துரோகமா? நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. ஒன்றும் எழுதாமல் இருக்கிறீர்கள்.

கனகரெத்தினம்


786

மருதமுனை
14.11.1955

தம்பி,

மூன்று கடிதமும் கிடைத்தன. முதலாவதைப் படித்துவிட்டு அதைப் பாடசாலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் வைக்க முடியவில்லை. இவர் பொத்துவிலுக்கு வந்தபோது உன்னிடம் போகவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என்ன காரணம் என்று அவர் கேட்டார். சொல்லவில்லை.

பன்னிரண்டு கிழமை உன்னை வெறுத்துக்கொண்டிருந்தேன். நீ அவன் விரல்களை எடுத்துவிட்டாய் என்று எழுதினாயே, வகுப்பில் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதிக் காட்டும்போதெல்லாம் அது வந்தது. வெறுப்பது எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏன் சுகமாக இருந்தது என்று யோசிக்க எனக்குப் பயம். இன்னும் மூன்று கிழமையில் நீ அந்த மண்டபத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன் உனக்கு இது தெரிய வேண்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த அன்றே காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். அது அங்கே வந்த காய்ச்சல் இல்லை. வீட்டிலிருந்து புறப்பட்ட காலையில் கஞ்சிக் கோப்பையைக் கொடுக்கும்போது அவன் கை என் கையில் பட்டது. சுட்டது. நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "ராத்தா, ஒடம்பு ஒரு மாதிரி இரிக்கி. நாளைக்குப் போகட்டா?" என்று கேட்டான். "நாளைக்கு வெள்ளம் வந்து பஸ் நின்டா என்ன செய்வாய்? சோதினைப் பயம்டா இது, பஸ்ஸில ஏறினா செரியாப் போகும்" என்றேன். கொத்தமல்லி அவித்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். சந்தியில் நீ அவனுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாய். அவன் யன்னலோரம் இருந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் கையைக் காட்டினேன். அவன் காணவில்லை.

அந்த ஒரு நாளை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் படித்தால் நான் படித்த மாதிரி என்று இருந்தேன். எனக்காகத்தான் அனுப்பினேன்.

இதை உம்மாவிடம் மறைத்தேன். உம்மா உன்னைக் குற்றம் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளும் மறுக்கவில்லை.

நீ செய்ததை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு முடியாது. எழுதினால் அது பொய். நான் செய்ததை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஆனால் அவன் பேரில் போய் எழுதாதே, தம்பி. அவன் சொன்னான் என்றும் எழுதாதே, என் ஆசைக்காகவும் எழுதாதே. போன கடிதத்தில் பதினொரு கேள்விக்கும் பதில் தேடினேன் என்றாயே, அது நீ விரும்பிச் செய்தது. உனக்குப் படிக்க ஆசை இருக்கிறது. அன்றைக்கும் அந்த ஆசைதான் இருந்தது. அதனால்தான் இப்போது எழுதக் கூசுகிறாய். அந்த ஆசை இருக்கிறவனாகவே போய் எழுது. மூச்சு கேட்டால் கேட்கட்டும். எழும்பி வராதே.

இன்னொன்று. கடைசியாக அவன் சொன்ன சொல்லை உம்மாவுக்குத் தெரியப்படுத்தாதே. நீ சொன்ன பொய்யில்தான் அவர் சோறு தின்கிறார். அது நம் இருவரோடும் இருக்கட்டும்.

சித்தி லைலா


உ

மட்டக்களப்பு
6.12.1955

ராத்தா,

இன்று முதல் நாள் முடிந்தது. இம்முறை கல்லடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

மத்தியான இடைவேளையில் மண்டபத்து மரத்தடியில் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் அந்தத் தெருவுக்குப் போய்விட்டது. மாடி அறை யன்னலுக்கு உள்ளே சின்னப் பிள்ளையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. யாரோ குடியிருக்கிறார்கள். புண்ணியமூர்த்தி ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், வாசலில் குடையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வந்திரிக்கிறாயா தம்பி, எழுதவா?"

"ஓம் ஐயா."

"உள்ள வா. மேல போய்ப் பாக்கணுமெண்டால் அவங்கள்ட்டக் கேக்கிறன்."

வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "அந்தப் புள்ளட சத்தம் கேட்டிருந்தா நான் வேலைக்குப் போயிரிக்கமாட்டன். இல்ல தம்பி, காலையில படியால இறங்கக்குள்ள எனக்கும் இருமல் கேட்டதுதான். சும்மா சளித் தடிமன் எண்டு நினைச்சிற்றுப் போயிற்றன்" என்றார். மழைக்குக் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தார். பிறகு அவரே, "மணி ஒன்று இருபது" என்றார்.

இரண்டாம் தாள். முதல் கேள்வி எழுதி முடித்தபோது அந்த மூச்சு தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தது ஒரு பெண்பிள்ளை. தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், அவளிடம் ஒரு சத்தமும் இல்லை. நான் எழும்பவில்லை. மூச்சும் நிற்கவில்லை. அதோடேயே எழுதினேன். நாலு கேள்விதான் முடிந்தது, ஐந்தாவதில் பாதி. போன வருடம் போல நன்றாக எழுதவில்லை.

மணியடித்த பிறகும் மேசையை விட்டு எழும்பாமல் இருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான் என்றேன்.

நாளைக்கு இரண்டு தாள் இருக்கின்றன. போவேன்.

கனகரெத்தினம்


786

மருதமுனை
21.4.1956

தம்பி,

பத்திரிகையில் தேறியவர்கள் பட்டியலில் உன் பரீட்சை இலக்கத்தை நேற்றுப் பார்த்தேன். நீ பார்த்திருப்பாய். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும் இலாகா வேலையை விட்டுவிடு.

நீ பத்திரிகையில் பார்க்கமுடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று காலையில் செல்லத்தங்கம் மாமி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கையில் வாழைப்பழச் சீப்பு. தறிச் சத்தத்தில் உம்மாவுக்குக் கேட்காது என்று நினைத்து நான் மெதுவாகக் கதைத்து அனுப்பப் பார்த்தேன். உம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து, "ஆரு, கனகுட அம்மாவா? வெயில்ல நிக்காம உள்ள வாங்க" என்றார். பதினாறு மாதத்துக்குப் பிறகு உன் பேர் அவர் வாயில் வந்தது. மாமி அழுதார். உம்மா பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "நல்லாப் படிக்கட்டும்" என்றார். 

மாமி போன பிறகு உம்மா தறிக்குப் போகவில்லை. என் முன்னால் பாயில் இருந்தார். அதற்கு மேல் எனக்குத் தாங்க முடியவில்லை.

"உம்மா, பொறப்பட்ட அண்டைக்கே தம்பிக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். நெத்தி ஏன் சுடுது என்டு நீங்க கேட்டதுக்கு, வெந்நீர்ல குளிச்சான் அதுதான் என்டு நான் பொய் சொன்னன்" என்றேன்.

உம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு அடுப்புல ஆரு வெந்நீர் வெச்ச?" என்று கேட்டார்.

என் பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார்:

"நான் வெக்கல்ல. நீயும் வெக்கல்ல. அவன வழியனுப்பி நெத்தியில கொஞ்சக்குள்ள என்ட சொண்டு சுட்டிச்சி புள்ள. சோதினைக்குப் போற புள்ளய மறிக்கப்படா என்டு வாய மூடிக்கிட்டு இரிந்தன்."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து எனக்கும் வைத்தார். இருவரும் சாப்பிட்டோம்.

தம்பி, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் புறப்படும்போதே தெரியும். உனக்கு அங்கே தெரியும். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இத்தனை நாள் ஒரே வீட்டில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். குற்றம் சொல்ல நீ ஒருவன் தூரத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

பேராதனைக்குப் போகுமுன் இங்கே வந்துவிட்டுப் போ. உம்மா உன்னை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்தான் கூப்பிடுகிறேன்.

உன் ராத்தா
சித்தி லைலா